சென்ற சனிக்கிழமை வந்த தாத்தாவைப் பற்றி

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம்.

சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்த பிப்ரவரி 15ஐ நினைவுகூரும் முழுமைத் தற்காப்பு தினத்தையொட்டி, சென்ற சனிக்கிழமை நம் தமிழ்ப் பள்ளிக்கு ஒரு தாத்தா வந்திருந்தார். உங்கள் பிள்ளை வீட்டுக்கு வந்து அவரைப் பற்றி ஏதாவது சொல்லியிருக்கலாம், ஒன்றும் சொல்லாமலும் இருந்திருக்கலாம். அன்று நடந்தது உங்களுக்கும் தெரிய வேண்டும் என்பதால் வழக்கமான சுற்றறிக்கையை இந்த வாரம் நிறுத்திவிட்டு இதை எழுதுகிறேன். கட்டணம், தேர்வு அட்டவணை எல்லாம் அடுத்த வாரம் தனியாக வரும்.

அவருக்கு வயது 83. 1963இல் மலேசியா உருவாகி, சிங்கப்பூரும் அதில் சேர்ந்தபோது, இந்தோனீசியா அதை ஏற்கவில்லை. கொன்ஃப்ரன்டாசி என்ற பெயரில் 1966 வரை அந்தச் சண்டை நீடித்தது. தாத்தா அப்போது சிங்கப்பூர் காலாட்படையின் முதல் பட்டாளத்தில் சிப்பாய். போர்னியோ பக்கத்தில் செபாத்திக் என்ற தீவுக்கு அனுப்பப்பட்டவர்.

நம் பிள்ளைகளுக்குப் போர் என்றாலே 1942இல் ஜப்பானியர் சிங்கப்பூரைப் பிடித்ததுதான் நினைவுக்கு வருகிறது. பாடத்தில் அதுதான் பெரிதாக இருக்கிறது, இருக்கவும் வேண்டும். ஆனால் இந்தோனீசியாவோடு நடந்த அந்தச் சண்டையில்தான் 1965 மார்ச் 10ஆம் தேதி ஆர்ச்சர்ட் ரோட்டில் மெக்டோனல்ட் ஹவுஸில் குண்டு வெடித்து 3 பேர் இறந்தார்கள், 33 பேர் காயமடைந்தார்கள். அந்தச் சிவப்புச் செங்கல் கட்டடம் இன்றும் அங்கேதான் நிற்கிறது. டோபி காட்டில் ரயில் ஏறி இறங்கும் நம் பிள்ளைகள் வாராவாரம் அதைக் கடந்து போகிறார்கள். சாலைக்கு எதிர்ப்பக்கம் நினைவுச்சின்னமும் இருக்கிறது. அடுத்த முறை அந்தப் பக்கம் போனால் ஐந்து நிமிடம் நின்று காட்டிவிட்டுப் போங்கள்.

சரி, சனிக்கிழமைக்கு வருகிறேன்.

முதலில் பொன்னாடை போர்த்தினோம். எல்லாரும் எழுந்து கைதட்டினோம். அவர் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தார். பொன்னாடையைக் கழற்றி, நான்காக மடித்து, மடியில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவருக்குப் பேச்சு வரவில்லை. "என்ன சொல்றதுன்னு தெரியல டீச்சர், நீங்களே கேளுங்க" என்றார்.

உயர்நிலை 1 மாணவன் ஒருவன் கையைத் தூக்கினான். "தாத்தா, நீங்க எத்தனை பேரைச் சுட்டீங்க?"

நான் குறுக்கிட வாயெடுத்தேன். தாத்தா என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தார். தண்ணீர் எடுத்து ஒரு மிடறு குடித்தார்.

"சுட்டோம் தம்பி. இருட்டு. சத்தம் வந்த பக்கம் பாத்துச் சுட்டோம். யாரு மேல பட்டுச்சுன்னு போய்ப் பாக்கல."

அவ்வளவுதான். பிறகு சும்மா இருந்தார். ஏறக்குறைய இரண்டு நிமிடம் இருக்கும். முப்பது பிள்ளைகள் இருக்கும் அறையில் இரண்டு நிமிடம் யாரும் பேசாமல் இருப்பது எவ்வளவு நீளம் என்று ஆசிரியர்களுக்குத் தெரியும். அந்தப் பையனின் பெற்றோர் இதைப் படித்தால் அவனைத் தயவுசெய்து கடிந்துகொள்ளாதீர்கள். படத்திலும் கைப்பேசி விளையாட்டிலும் எண்ணிக்கையைத்தான் கேட்கிறார்கள், அவனும் அதைத்தான் கேட்டான். பதிலைக் கேட்டபோது அவன் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

அப்புறம் தொடக்கநிலை 5இல் படிக்கும் சிறுமி ஒருத்தி, கையைக்கூடத் தூக்காமல், "ராத்திரி எங்க படுப்பீங்க தாத்தா?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்குத்தான் அவர் வாய் திறந்தது. சேறு, கொசு, கழற்றவே முடியாத ஈரக் காலணி, ஒரே டப்பா சார்டினை மூன்று பேர் பிரித்துத் தின்றது என்று வரிசையாக வந்தது. காவல் இருக்கும்போது பேசக் கூடாது, விளக்கும் கூடாது. அதனால் பக்கத்தில் இருப்பவன் கையோடு தன் கையைக் கயிற்றால் கட்டிக்கொள்வார்களாம். சொல்லிக்கொண்டே வந்தவர், "தம்பி, நீ வா" என்று அந்த முதல் கேள்வி கேட்ட பையனை அழைத்தார். கயிறு கேட்டார். என் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையின் நாடாவைக் கழற்றிக் கொடுத்தேன். ஒரு முனையைத் தன் மணிக்கட்டில் சுற்றினார். மறுமுனையைப் பையனின் மணிக்கட்டில் கட்டினார். முடிச்சுப் போடும்போது அவர் விரல் நடுங்கியது. ஆனால் முடிச்சு ஒரே தடவையில் விழுந்தது.

"இப்போ நீ அந்தப் பக்கம் திரும்பிக்க. நான் ஒரு தடவை இழுத்தா, முழிச்சிருக்கியான்னு அர்த்தம். முழிச்சிருந்தா நீயும் ஒரு தடவை இழுக்கணும். ரெண்டு தடவை இழுத்தா யாரோ வர்றாங்க."

ஒரு முறை இழுத்தார். பையன் திருப்பி இழுத்தான். யாரும் சிரிக்கவில்லை.

அவர் கயிற்றின் மறுமுனையில் இருந்தவர் கேலாங்கைச் சேர்ந்த ஒரு மலாய்க்காரர். ஓர் இரவு இவர் இழுத்திருக்கிறார், திருப்பி இழுப்பு வரவில்லை. தொட்டுப் பார்த்தால் உடம்பு நெருப்பாய்க் கொதித்ததாம். காலையில் படகில் ஏற்றி அனுப்பினார்கள். அவர் பிழைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு நோன்புப் பெருநாளுக்கும் இவர் அங்கே போவாராம், தீபாவளிக்கு அவர் இங்கே வருவாராம். "போன வருஷம் போயிட்டாரு" என்று சொல்லிவிட்டு, பையனின் கையிலிருந்த முடிச்சை மெதுவாக அவிழ்த்துவிட்டார்.

பேத்தி பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். கிளம்பும்போது என்னிடம் வந்து சொன்னார்: "டீச்சர், தாத்தா தூக்கத்துல கையை வெடுக்குன்னு இழுப்பாரு. நாங்க நரம்புக் கோளாறுன்னு டாக்டர்கிட்டகூட காட்டினோம். இந்தக் கயிறு விஷயம் எங்க யாருக்கும் தெரியாது." அறுபது வருடம் ஒரே வீட்டில் இருந்த கதை, முன்பின் தெரியாத முப்பது பிள்ளைகள் முன்னால்தான் வெளியே வந்திருக்கிறது.

இதை இவ்வளவு விரிவாக எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. அது என் மனத்தில் பல ஆண்டுகளாகக் கிடக்கிறது.

தொண்ணூறுகளின் கடைசியில், வேறொரு பள்ளியில் நான் புதிதாக ஆசிரியர் வேலையில் சேர்ந்திருந்த சமயம். நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் இருந்த ஒரு பெரியவரைப் பேச அழைத்திருந்தோம். மலாயாவில் ஒரு ரப்பர்த் தோட்டத்திலிருந்து பத்தொன்பது வயதில் படையில் சேர்ந்து, பர்மா வரை போனவர். காலைக் கூட்டத்தில் அவருக்குக் கொடுத்த நேரம் பதினைந்து நிமிடம். நான்தான் அந்த நேரத்தைப் போட்டேன். அவர் தோட்டத்தைப் பற்றி, அம்மாவிடம் சொல்லாமல் கிளம்பியதைப் பற்றி நிதானமாகச் சொல்லி, ரயில் ஏறிய இடம் வரை வந்தார். மணி அடித்தது. பிள்ளைகள் வரிசையாக வகுப்புக்குப் போய்விட்டார்கள். நாங்கள் மேடையில் அவருக்குப் பழக்கூடை கொடுத்து, நன்றி சொல்லி, படம் எடுத்துக்கொண்டோம். அவர் சட்டைப் பையில் மடித்து வைத்திருந்த காகிதத்தை வெளியே எடுக்கவே இல்லை. இன்னொரு நாள் கட்டாயம் கூப்பிடுகிறோம் என்று சொல்லி அனுப்பினேன். மறு வருடம் அவர் இறந்துவிட்டார். அந்தக் காகிதத்தில் என்ன எழுதியிருந்தார் என்று எனக்குத் தெரியாது.

நாம் நன்றி சொல்லாதவர்கள் இல்லை. மாலை, பொன்னாடை, பழக்கூடை, எழுந்து நின்று கைதட்டு, எதிலும் குறை வைப்பதில்லை. ஆனால் போர்க்களத்தைப் பார்த்தவர் அதைத் திரும்ப நினைத்துச் சொல்வது ஒரு பாடு. சொன்ன அன்று இரவு அவருக்குத் தூக்கம் வராமல் போகலாம். அவ்வளவையும் தாங்கிக்கொண்டு நமக்காகச் சொல்பவருக்கு, சொல்லி முடிக்கும்வரை உட்கார்ந்து கேட்பதைத்தான் முதலில் கொடுக்க வேண்டும். அன்று நான் அதைக் கொடுக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இந்திய தேசிய ராணுவத்தில் இருந்தவர்களின் பழைய ஒலிப்பதிவுகளை வகுப்பில் போடப் போகிறோம் என்று சென்ற மாதம் அறிவித்தபோது ஒரு தகப்பனார் தொலைபேசியில் கூப்பிட்டார். "ஜப்பான்காரனோட சேர்ந்து சண்டை போட்டவங்களுக்கு எதுக்கு டீச்சர் நன்றி? எங்க தாத்தாவோட அண்ணன் சயாம் ரயில்பாதை வேலைக்குப் போனவரு, திரும்பி வரவே இல்ல" என்றார். அவர் குரலில் கோபத்தைவிட வேதனைதான் அதிகம். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது.

1942 பிப்ரவரி 15ஆம் தேதி, சீனப் புத்தாண்டின் முதல் நாள், புக்கிட் தீமா ஃபோர்ட் கார் தொழிற்சாலையில் பிரிட்டிஷார் சரணடைந்தார்கள். இரண்டே நாளில், 17ஆம் தேதி, ஃபேரர் பார்க் திடலில் ஏறத்தாழ 45,000 இந்தியச் சிப்பாய்களை ஜப்பானியரிடம் ஒப்படைத்தார்கள். நம் பிள்ளைகள் பந்து விளையாடிய அதே ஃபேரர் பார்க்தான். அங்கிருந்து பாதை பல பக்கம் பிரிந்தது. ஒரு பகுதியினர் தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். சேர மறுத்த பலர் போர்க் கைதிகளாக நியூ கினி வரை கொண்டுபோகப்பட்டார்கள். 1943 ஜூலையில் நேதாஜி வந்து பாடாங் திடலில் அணிவகுப்பைப் பார்வையிட்ட பிறகு, துப்பாக்கியையே தொட்டறியாத தோட்டத்துத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் முன்வந்தார்கள். ஜான்சி ராணிப் படையில் சேர்ந்த பெண்களில் பலர் நம் தோட்டத்துப் பிள்ளைகள். அதே தோட்டங்களிலிருந்துதான் சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில்பாதை போடவும் ஜப்பானியர் ஆட்களை அள்ளிக்கொண்டு போனார்கள். ஒரே லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், ஒரு வீட்டுக்காரர் நேதாஜியைக் கும்பிட்டிருப்பார், அடுத்த வீட்டுக்காரர் ரயில்பாதையில் செத்திருப்பார்.

இதில் யார் பக்கம் சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் அந்தப் பதிவுகளைப் போடவில்லை. பிள்ளைகள் எல்லாரையும் கேட்கட்டும் என்பதுதான் என் எண்ணம். அந்தத் தகப்பனாரிடமும் அதைத்தான் சொன்னேன். உங்கள் குடும்பத்தில் அந்த ரயில்பாதையைப் பற்றிச் சொல்லக்கூடியவர் யாராவது இருந்தால் அவரையும் அழைத்து வாருங்கள் என்றேன். தன் பெரியப்பாவைக் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். வந்தால் அவருக்கும் முன்வரிசை நாற்காலிதான்.

தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று நிலையம் 1979இல் தொடங்கியது. அங்கே இருக்கும் ஒலிப்பதிவுகளில் தமிழில் பேசியவர்களும் இருக்கிறார்கள். பலவற்றை வீட்டிலிருந்தே கேட்கலாம். அந்தக் காலத்துத் தமிழ் எப்படி இருந்தது என்று கேட்பதற்காகவே ஒரு பதிவைக் கேட்டுப் பாருங்கள். இருமல், பெருமூச்சு, "அது என்னா வருஷம்..." என்று நிறுத்தி யோசிப்பது எல்லாம் அப்படியே இருக்கும்.

உங்களிடம் கேட்பது இதுதான். உங்கள் வீட்டில், புளோக்கில், காப்பிக் கடையில் இப்படி ஒருவர் இருக்கலாம். கொன்ஃப்ரன்டாசி காலத்தில் பட்டாளத்தில் இருந்தவராக இருக்கலாம், 1967இல் தேசிய சேவைக்குப் போன முதல் அணியினராக இருக்கலாம், ஜப்பான் காலத்தில் கைக்குழந்தையாக இருந்து அம்மா சொன்னதை நினைவில் வைத்திருப்பவராக இருக்கலாம். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் உட்காருங்கள். கைப்பேசியில் பதிவு செய்வதானால் முதலில் அவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். சாப்பாடு, தூக்கம், கூட இருந்தவன் என்று தொடங்குங்கள். வருடத்தைத் தப்பாகச் சொன்னால் திருத்தாதீர்கள், அதைப் பிறகு புத்தகத்தில் பார்த்துக்கொள்ளலாம். சும்மா இருந்தால் நீங்களும் சும்மா இருங்கள்.

தாத்தாவுக்கு நன்றிக் கடிதம் எழுதச் சொல்லியிருக்கிறோம். முதலில் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை "தாத்தா, உங்கள் தியாகத்துக்கு நன்றி" என்று ஒரே வாக்கியமாக இருந்தன. நல்ல எண்ணம்தான். இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவர் சொன்னதில் உன் மனத்தில் நின்ற ஒன்றை அவருக்கே எழுது என்றேன். இரண்டாம் முறை வந்தவை வேறு மாதிரி இருக்கின்றன. ஒரு பிள்ளை, "சார்டின் டப்பாவில் எண்ணெயை யார் குடிப்பீர்கள்?" என்று எழுதியிருக்கிறது. அந்தப் பையன் எழுதியது இரண்டு வரி: "தாத்தா, நான் அந்தக் கேள்வி கேட்டிருக்கக் கூடாதோ என்று நினைத்தேன். நீங்கள் பதில் சொன்னதற்கு நன்றி."

அடுத்த மாதம் இரண்டாம் சனிக்கிழமை உயர்நிலை மாணவர்களைக் கிராஞ்சி போர்க் கல்லறைக்கு அழைத்துப் போகிறோம். கல்லறை எங்கே என்று தெரியாத 24,000க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் அங்கே சுவர்களில் செதுக்கப்பட்டிருக்கின்றன. அதற்குப் பின்னால், தங்கள் சமய முறைப்படி தகனம் செய்யப்பட்ட ஏறத்தாழ 800 வீரர்களுக்குத் தனி நினைவிடம் உண்டு, பெரும்பாலும் இந்தியச் சிப்பாய்கள். பலர் சுவர்களைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடுகிறார்கள். நாம் அங்கே நிற்போம், பெயர்களைப் பிள்ளைகள் வாய்விட்டுப் படிப்பார்கள். உடன் வர விரும்பும் பெற்றோர் அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். வெயில் கடுமையாக இருக்கும், தொப்பியும் தண்ணீரும் கட்டாயம்.

அதற்கு அடுத்த சனிக்கிழமை தாத்தா மறுபடி வருகிறார். பழைய படங்கள் இருக்கின்றன, தேடி எடுத்து வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். வகுப்பு முடியும் நேரம் 12.30 என்றுதான் போட்டிருக்கிறோம். அன்று மணி அடிக்க வேண்டாம் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டேன். பிள்ளை இறங்கி வரத் தாமதமானால் கீழே காத்திருக்காமல் நேராக மேலே வாருங்கள். பின்வரிசையில் உங்களுக்கும் நாற்காலி போட்டு வைக்கிறோம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்