விடயம்: வாகனக் குத்தகையை இடைநடுவில் முடிப்பதற்கான தொகையைச் சரியாகத் தராமல் அலைக்கழித்தமை

முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
தலைமை அலுவலகம், கொழும்பு.

மதிப்புக்குரிய ஐயா / அம்மணி,

இவ்வருடச் சிவராத்திரிக்கு நான் கோயிலில் விழித்திருக்கவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புப் பேருந்தில் ஏறத்தாழ 400 கிலோமீற்றர் விழித்திருந்து, 2025 பெப்ரவரி 27 வியாழன் காலை எட்டரைக்கு உங்கள் வாசலில் நின்றேன். குத்தகையை முடிக்க எவ்வளவு கட்ட வேண்டும் என்று காட்டும் செட்டில்மென்ட் கடிதம் தலைமை அலுவலகத்தில் மட்டுமே தரப்படும், நேரில்தான் போக வேண்டும் என்று யாழ் கிளையில் சொன்னபடியால்தான் வந்தேன். பதினொன்றரை வரை இருத்தி வைத்துவிட்டு, அதை யாழ் கிளையிலேயே வாங்கலாம் என்று திருப்பி அனுப்பினீர்கள்.

நான் கேட்டது சிக்கலான விடயம் அல்ல. 2022 பெப்ரவரியில் வகன்-ஆர் காருக்கு 30 இலட்சம் ரூபா, 60 தவணை, மாதம் 72,954 ரூபா என்று ஒப்பமிட்டேன். 36 தவணைகளையும் ஒரு நாள் பிந்தாமல் கட்டினேன். ஆண்டு வட்டி நூற்றுக்கு 16 என்பதால் முதல் தவணையில் 40,000 ரூபா வட்டிக்கே போனது என்பதும், 37ஆம் தவணையில் அது 20,000 அளவில்தான் இருக்கும் என்பதும், 36 தவணைகளுக்குப் பிறகு அசலில் மிச்சம் ஏறத்தாழ 14 இலட்சத்து 90,000 என்பதும் உங்களுக்குத் தெரியாததல்ல. பெப்ரவரி 1 முதல் தனியார் வாகன இறக்குமதிக்கு மீண்டும் அனுமதி வந்ததால் பழைய கார்களின் விலை இறங்கும் என்று பயந்தே, இன்னும் பொறுக்காமல் இப்போதே காரை விற்று வெளியேற முடிவெடுத்தேன்.

உங்கள் தொலைபேசிச் சேவை 15 இலட்சத்து 18,000 என்றது. கொழும்பிலிருந்து திரும்பி ஒரு கிழமைக்குப் பிறகு யாழ் கிளை தந்த கடிதத்தில் 17 இலட்சத்து 50,896 என்று இருந்தது. 72,954ஐ 24ஆல் பெருக்கிப் பாருங்கள், ஒரு சதமும் பிசகாமல் அதே தொகை வரும். இன்னும் வந்தே சேராத இரண்டு வருடத்தின் வட்டியையும் சேர்த்து அறவிடுவதற்கு 'முன்கூட்டிய தீர்வு' என்று பெயர் வைத்திருக்கிறீர்கள்.

இதைக் கேட்கத் தொலைபேசி எடுத்தபோதுதான் உங்கள் அலுவலர், "ஸ்போர்ட்ஸ் கார் வாங்கக் காசிருக்கிறவருக்கு ரெண்டு இலட்சம் ஒரு காசோ?" என்றார். நான் எந்தக் கார் வாங்குகிறேன் என்பது விண்ணப்பப் படிவத்தில் காரணம் என்ற கட்டத்தில் நேர்மையாக எழுதியதால் அவருக்குத் தெரிந்தது. அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டிருந்தால் இந்தக் கேலியிலிருந்தாவது தப்பியிருப்பேன். அவரோடு எனக்குத் தனிப்பட்ட கோபம் இல்லை என்று எழுதத்தான் நினைத்தேன், எழுத முடியவில்லை. மூன்று வருடம் ஒழுங்காகக் காசு கட்டிய ஒருவனிடம் பேசும் பேச்சா இது?

ஆம், ஸ்போர்ட்ஸ் கார்தான். முதலாந் தலைமுறை மஸ்டா எம்.எக்ஸ்.-5. இரண்டே இருக்கை, ஆயிரம் கிலோவுக்கும் குறைந்த நிறை, பொத்தானை அமத்தினால் முன்விளக்குகள் தவளைக் கண்போல மேலே எழும்பும். பள்ளிக்கூட நாட்களில் கொப்பியின் பின்னட்டையில் கீறி வைத்த கார் அது. நீர்கொழும்பில் ஒன்று அகப்பட்டு, மனைவியையும் ஒருவாறு சம்மதிக்க வைத்து, ஒரு இலட்சம் முற்பணம் கொடுத்திருந்தேன். மார்ச் 10க்குள் மிகுதியைக் கொடுக்க வேண்டும். வாகனப் பதிவில் முழுமையான உரிமையாளராக உங்கள் பெயர் இருக்கும்வரை வகன்-ஆரை யாருக்கும் மாற்ற முடியாது. கடிதம் பிழையாக இருந்ததால் அதை வாங்க வந்தவரும் விலகினார், நீர்கொழும்புக் காரும் வேறொருவருக்குப் போனது. முற்பணம் திரும்பவில்லை. கொழும்புப் பயணச் செலவு, இழந்த சம்பளம், போன விலை, போன நித்திரை எல்லாவற்றையும் கணக்கிட்டால் பத்து இலட்சத்துக்குக் குறையாது.

தயவுசெய்து எனது கணக்கை மீண்டும் பரிசீலித்து, எதிர்கால வட்டியைக் கழித்த சரியான தொகையை, அது எப்படி வந்தது என்ற விபரத்துடன், தமிழில், 14 நாட்களுக்குள் எழுத்தில் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அந்தத் தொலைபேசி உரையாடலின் ஒலிப்பதிவையும் நீங்களே ஒருமுறை கேளுங்கள். தவறினால், 2023ஆம் ஆண்டின் நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளைச் சுட்டிக்காட்டி இலங்கை மத்திய வங்கியின் நிதிசார் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கும், அதன்பின் நிதி நிறுவனங்கள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் நிதி ஒம்புட்ஸ்மனுக்கும் யாழ் கிளையின் கடிதத்தினதும் இந்தக் கடிதத்தினதும் பிரதிகளோடு முறையிடுவேன். உங்களோடு வழக்காட எனக்கு விருப்பமில்லை, ஆனால் இன்னொரு முறை கொழும்புக்கு வரச் சொன்னால் சட்டத்தரணியோடுதான் வருவேன்.

37ஆம் தவணையையும் நேற்றுக் கட்டிவிட்டேன், பற்றுச்சீட்டை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
வாடிக்கையாளர்,
யாழ்ப்பாணம்.