ஆறாம் வகுப்புத் தமிழைப் பெற்றோருக்கும் அறிமுகப்படுத்துங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பள்ளி திறந்ததும் நடக்கிற பெற்றோர் கூட்டத்தில் சீருடை, வங்கிக் கணக்கு, ஆதார் எல்லாம் பேசி முடித்து நேரம் மிஞ்சினால்தான் படிப்புப் பேச்சு வருகிறது. அதிலும் கணக்கையும் இங்கிலீஷையும்தான் கேட்கிறார்கள். தமிழ் என்றால் “அதான் வீட்ல பேசுறோமே சார்” என்று எழுந்துவிடுகிறார்கள். ஆறாம் வகுப்புக்கு வந்த பிள்ளை எங்கே தடுமாறுகிறது என்பது இதனால் வீட்டுக்குத் தெரியாமலே போகிறது. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தோடு சேர்க்காமல், ஆறாம் வகுப்புப் பெற்றோருக்கென்று முக்கால் மணி நேரத்தைத் தமிழுக்கு மட்டும் ஒதுக்கினால் நல்லது.

முதலில் புத்தகத்தை விரித்துக் காட்ட வேண்டும். ஒவ்வோர் இயலிலும் செய்யுளுக்குக் கவிதைப்பேழை, பாடத்துக்கு உரைநடை உலகம், துணைப்பாடத்துக்கு விரிவானம், இலக்கணத்துக்குக் கற்கண்டு. வினா விடையோடு இயல் முடிந்துவிட்டது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அதற்குப் பின்னால் ‘மொழியை ஆள்வோம்’, ‘மொழியோடு விளையாடு’ என்று சில பக்கங்கள் இருக்கின்றன. கேட்பது, பேசுவது, சொந்தமாக நாலு வரி எழுதுவது எல்லாம் அங்கேதான். கடையில் விற்கும் நோட்ஸில் அவற்றுக்கும் விடை அச்சிட்டுத் தந்துவிடுகிறார்கள். அதனால்தான் ஆறே இல்லாத ஊர்ப் பிள்ளையும் “எங்கள் ஊரில் வற்றாத ஆறு ஓடுகிறது” என்று கட்டுரை எழுதுகிறது. பருவத் தேர்வுக்கு 60 மதிப்பெண்தான். மீதி 40 வளரறி மதிப்பீடு, அதாவது பருவம் நடக்கும்போதே வகுப்பில் பார்த்துப் போடுவது. அதில் 20 செயல்பாடுகளுக்கு. பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்து ஒட்டிய ஆல்பத்துக்காக வைத்த மதிப்பெண் அல்ல அது.

அடுத்தது திருத்திய நோட்டு. சிவப்பு மையைப் பார்த்தாலே பிள்ளைக்குத் திட்டு விழுகிறது. எந்தப் பிழை எப்படிப்பட்டது என்று யாரும் பெற்றோருக்குச் சொன்னதில்லை. பெயர் இல்லாமல் இரண்டு வரியைக் கரும்பலகையில் எழுதினால் போதும்: “நேத்து எங்க ஊர்ல நல்ல மலை பேஞ்சுது. நான் பள்ளிக்கு சென்றேன்.”

இதில் ‘நேத்து’, ‘ஊர்ல’, ‘பேஞ்சுது’ பேச்சு வழக்கு. வாயில் அது சரி, எழுத்தில்தான் நேற்று, ஊரில், பெய்தது. வீட்டில் பேசுவதையே தப்பு என்று அதட்டினால் பிள்ளை பேசுவதையும் நிறுத்திவிடும். ‘மலை’ வேறு ரகம். ழகரம் வாயில் வராத பிள்ளைக்குக் கையிலும் வராது. நாக்கு நுனியை மேலே வளைத்து மழை, பழம், வாழை என்று சொல்ல வைத்த பிறகுதான் எழுத வைக்க வேண்டும். நூறு தடவை இம்போசிஷன் எழுதுவதால் கைவலிதான் மிச்சம். மூன்றாவது, ‘பள்ளிக்குச் சென்றேன்’ என்பதில் விட்டுப்போன ச். ‘கு’ உருபுக்குப் பின் க, ச, த, ப வந்தால் ஒற்று மிகும். ஆனால் ‘படித்துப் பார்த்தான்’ என்பதில் வரும் ப், ‘வந்து பார்த்தான்’ என்பதில் வராது. பெரியவர்களே வழுக்கி விழும் இடம் இது (நாளிதழ்த் தலைப்புகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்). ஆகவே வீட்டில் முதலில் கவனிக்க வேண்டியது ல-ள-ழ, ர-ற, ண-ந-ன. ஒற்றுப் பிழையை வகுப்பு பார்த்துக்கொள்ளும்.

படிக்காத பெற்றோர் என்ன செய்வது என்ற கேள்வி கட்டாயம் வரும். காது இருந்தால் போதும். தினம் பத்து நிமிடம் பிள்ளையைச் சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேட்கட்டும். பேசுவது போல வாக்கியமாகப் போகிறதா, சொல்லுக்குச் சொல் நின்று எழுத்துக் கூட்டுகிறதா என்பது யாருக்கும் தெரிந்துவிடும். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, “இப்ப என்ன படிச்ச, சொல்லு” என்று கேட்க வேண்டும். மடமடவென்று வாசித்துவிட்டு இங்கே விழிக்கும் பிள்ளைகள் நிறைய. ஒரு வாரம் கேட்டும் எழுத்துக் கூட்டுவது மாறவில்லை என்றால் ஆசிரியரிடம் வந்து சொல்லட்டும். பள்ளிக் கல்வித் துறை தந்த வாசிப்பு இயக்கக் கதைப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று எளிதிலிருந்து படிப்படியாக இருக்கின்றன. ஆறாம் வகுப்புப் பிள்ளை ‘நுழை’யில் தொடங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கூட்டம் கெட்டுப்போவது இரண்டு காரணத்தால். ஒன்று, நேரம். காலை பதினொரு மணிக்கு வைத்தால் கூலி வேலைக்குப் போகிறவர்கள் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வரமாட்டார்கள். மாலை ஐந்தரைக்கு வைக்கலாம். இரண்டு, மதிப்பெண்ணைச் சபையில் வாசிப்பது. அன்றைக்கு மதிப்பெண் பட்டியலை மேசைக்கே கொண்டுவரக் கூடாது. வாசித்துக் காட்டவும் தானாகக் கை தூக்கும் பிள்ளையை மட்டும் அழைக்க வேண்டும். சரியாக வாசிக்காத பிள்ளையைப் பற்றித் தாயிடமோ தகப்பனிடமோ தனியாகப் பேசிக்கொள்ளலாம்.

அழைப்புக் கடிதத்தைப் பிள்ளைகளே எழுதட்டும். கடிதம் எழுதுவது பாடத்தில் இருப்பதுதான். நாள், நேரம், இடம் மூன்றும் இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் போதும். பிழை இருந்தால் இருக்கட்டும். வரும்போது அதைக் கையோடு கொண்டுவரச் சொல்லிவிடலாம்.

– நடுநிலைப் பள்ளித் தமிழாசிரியர் ஒருவர்,
புதுக்கோட்டை மாவட்டம்.