டர்போவைக் குறை சொல்லும் முன் டிரெயின் பைப்பைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

நீலப் புகை கக்கிக்கொண்டு போகும் பிக்கப் வண்டிகளைத் திட்டி வாசகர் கடிதங்கள் வந்தவண்ணம் இருக்கின்றன. கோபம் நியாயமானதுதான். ஆனால் அவற்றில் சில வண்டிகள் போன வாரம்தான் புது டர்போ போட்டவை. டர்போ என்பது எக்ஸாஸ்ட் வேகத்தில் சுற்றி, இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சாமான். கம்பெனி டர்போ விலை கட்டுப்படியாகாமல் வெளிமார்க்கெட் டர்போ வாங்கிப் பொருத்துகிறார்கள். மறுநாளே சைலன்சரில் ஆயில் புகை. கடைக்காரர் “மாட்டினதுல தப்பு” என்பார், மெக்கானிக் “சாமானே டூப்ளிகேட்” என்பார். நடுவில் மாட்டிய வண்டிக்காரர் இரண்டாவது டர்போ வாங்குவார். அதுவும் புகையும்.

டர்போவுக்குள் ரப்பர் ஆயில் சீல் இருக்கிறது, அது கிழிந்ததால் ஆயில் வருகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். லட்சம் ஆர்பிஎம் தாண்டிச் சுற்றும் தண்டில், எக்ஸாஸ்ட் சூட்டில், ரப்பர் எப்படித் தாங்கும்? அங்கே இருப்பது பிஸ்டன் ரிங் மாதிரியான மெல்லிய உலோக வளையம்தான். தண்டின் ஒரு முனையில் எக்ஸாஸ்ட் சுற்றிவிடும் டர்பைன் வீல், மறுமுனையில் காற்றைத் தள்ளும் கம்ப்ரசர் வீல். இந்த வீல்களின் பக்கம் இருக்கும் காற்றழுத்தமும், தண்டைத் தாங்கும் நடு ஹவுசிங்கிலிருந்து ஆயில் தங்குதடையின்றி வடிவதும் சேர்ந்தால்தான் அந்த வளையம் வேலை செய்யும். ஆயில் உள்ளே வருவது (ஃபீடு) பம்ப் அழுத்தத்தில். வெளியே போவது (டிரெயின்) தன் கனத்தால் மட்டும். அதுவும் தண்டில் அடிபட்டு, கடைந்த மோர் போல நுரைத்துப் போகிறது. வடியும் வழியில் சின்னத் தடை இருந்தாலும் ஆயில் தேங்கி, வளையத்தைத் தாண்டி ஒழுகிவிடும். இந்த விஷயத்தில் ஒரிஜினலும் லோக்கலும் ஒன்றுதான்.

புகை எப்போது வருகிறது என்று டிரைவரைக் கேட்டாலே பாதி தெரிந்துவிடும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு கொத்துப் புகை வந்து நின்றுபோனால் இன்ஜின் வால்வுகளின் சீல், கைடு பக்கம் சந்தேகம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் கியரில் இறங்கி வந்து, அடிவாரத்தில் ஆக்சிலரேட்டர் மிதித்ததும் நீலமாகக் கக்கினாலும் அதே இடத்தைச் சந்தேகிக்கலாம். மண்டியில் நெடுநேரம் ஐடிலில் நின்று, கிளம்பும்போது கக்கினால் டர்போ பக்கம் பார்க்க வேண்டும். ஐடிலில் வீல்களின் பின்னால் அழுத்தம் குறைவு. லோடு ஏற்றியிருந்தாலும் இல்லாவிட்டாலும் விடாமல் நீலப் புகை வந்து, இழுவையும் குறைந்திருந்தால் இன்ஜினின் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். கறுப்புப் புகைக்கும் ஆயிலுக்கும் சம்பந்தமில்லை. அதற்கு இன்டர்கூலர் (டர்போ தள்ளும் காற்றை ஆற்றும் கூலர்) ஹோஸ் கிழிசல், கிளாம்ப் லூஸ், இன்ஜெக்டர் என்று வேறு கணக்கு.

அடுத்து ஸ்பேனர் வேலை. இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு மூன்று இடங்களைக் கழற்றிப் பாருங்கள்: டர்போவுக்குக் காற்று வரும் ஹோஸ், டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் ஹோஸ், சைலன்சர் பக்கக் குழாய். காற்று வரும் வாயே ஆயிலில் நனைந்திருந்தால் ஆயில் டர்போவுக்கு முன்பே கலக்கிறது. இன்ஜினுக்குள் சேரும் ஆவியை இன்டேக்குக்கு விடும் பிரீதர் ஹோஸ்தான் வழி. உள்வாய் காய்ந்து, வெளிவாய் மட்டும் சொட்டினால் கம்ப்ரசர் பக்க ஒழுக்கு. மெல்லிய ஆயில் பூச்சு மட்டும் இருப்பது சகஜம், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சைலன்சர் பக்கம், டர்பைன் வெளிவாய் ஈரப் பிசுக்காக இருந்து, சிலிண்டர்களிலிருந்து டர்போவுக்குப் புகை வரும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் உள்ளே காய்ந்த கரி மட்டும் இருந்தால் டர்பைன் பக்க ஒழுக்கு உறுதி. மேனிஃபோல்டே ஈரமாக இருந்தால் இன்ஜினே ஆயிலைத் தள்ளுகிறது என்று அர்த்தம். ஒரே ஒரு துவாரம் மட்டும் ஈரமென்றால் அந்த சிலிண்டர்தான் குற்றவாளி. இதைப் பார்க்காமல் டர்போ வாங்குவது, ரத்தம் எங்கே வடிகிறது என்று பார்க்காமல் கட்டுப் போடுவது போல.

கையோடு தண்டின் ஆட்டத்தையும் பாருங்கள். கம்ப்ரசர் நட்டை இரண்டு விரலால் பிடித்து முன்னும் பின்னும் இழுத்தால் ஆட்டம் கைக்கே தெரியக் கூடாது. மேலும் கீழும் லேசாக ஆடுவது சாதாரணம். புஷ் பேரிங் ஆயில் படலத்தில் மிதக்கும்படி செய்யப்பட்டது. “மேல கீழ ஆடுது, டர்போ போச்சு” என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதும் பழக்கம் நம் பட்டறைகளில் உண்டு. அது தப்பு. ஒரு பக்கமாக அழுத்திப் பிடித்துச் சுற்றும்போது வீல் ஹவுசிங்கில் உரசினாலோ, இறக்கை முனைகளில் பளபளப்பான கீறல் இருந்தாலோதான் டர்போ முடிந்தது.

ஆட்டமில்லை, ஆனாலும் ஒழுகுகிறது என்றால் டிரெயின் பைப்புக்கு வாருங்கள். வெளிமார்க்கெட் டர்போவில் வழக்கமாகச் சறுக்குவது இங்கேதான். கூட வரும் கேஸ்கெட்டின் ஓட்டை, டிரெயின் ஓட்டையைவிடச் சின்னதாக இருக்கும். அல்லது போல்ட் துளைக்குப் பொருத்தப்போய் ஓரமாக நகர்ந்து பாதி வழியை மூடிவிடும். பொருத்தும் முன் கேஸ்கெட்டை இரண்டு முகத்திலும் வைத்து ஓட்டைக்கு ஓட்டை சரிபார்க்க ஒரு நிமிடம் போதும். ஹவுசிங் போல்ட்டைத் தளர்த்தி டர்போவைத் திருப்பி உட்கார வைக்கும்போது நடு ஹவுசிங்கும் சேர்ந்து சாய்ந்துவிடும். டிரெயின் நேர் கீழே பார்க்க வேண்டும். அதிகபட்சம் 35 டிகிரி சாயலாம், அதற்கு மேல் கூடாது. பைப் நடுவில் தொங்கி மேலேறினால் அங்கே ஆயில் குட்டையாக நிற்கும். ரப்பர் ஹோஸ் போட்டிருந்தால் உள்ளே உப்பி அடைத்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். சிலிக்கான் பேஸ்ட் மட்டும் வேண்டவே வேண்டாம். டிரெயினில் தடவினால் பிதுங்கி வழியை அடைக்கும். ஃபீடு பக்கம் தடவினால் துணுக்கு பிய்ந்து பேரிங்கின் ஆயில் துளைக்குள் போகும்; அப்புறம் தண்டு ஆயிலில்லாமல் ஓடிக் கருகும்.

ஃபீடு பக்கம் இருக்கும், ஆயில் போக உள்ளே துளையிட்ட பாஞ்சோ போல்ட்டையும் அலட்சியம் செய்யாதீர்கள். சில இன்ஜின்களில் அதன் உள்துளை வேண்டுமென்றே சின்னதாகக் கொடுக்கப்பட்டிருக்கும், ஆயில் அளவாகப் போவதற்காக. கைக்குக் கிடைத்த பெரிய துளை போல்ட்டை மாட்டினால் வடிவதைவிட வருவது அதிகமாகி ஒழுகும். பழைய போல்ட்டையும் புதியதையும் வெளிச்சத்தில் பிடித்து ஒப்பிட்டால் தெரிந்துவிடும். துளை கரியால் அடைபட்டிருந்தால் புது போல்ட்டே போடுங்கள். கம்பி விட்டுக் குத்திப் பெரிதாக்க வேண்டாம்.

டிரெயினும் சரி, ஃபீடும் சரி என்றால் அடுத்துப் பார்க்க வேண்டியது கிராங்க்கேஸ், அதாவது இன்ஜின் அடிக்கூட்டின் அழுத்தம். ஐடிலில் ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றித் தலைகீழாக அதே வாயில் வையுங்கள். லேசாக நடுங்கினால் பரவாயில்லை. எகிறி விழுந்து, இட்லிப் பானையைத் திறந்த மாதிரி ஆவி வந்தால் ரிங் வழியாகக் காற்று கீழே இறங்குகிறது, அல்லது பிரீதர் அடைத்திருக்கிறது. அந்த அழுத்தம் டிரெயின் வழியாக மேலேறி டர்போ ஆயிலை இறங்கவிடாமல் முட்டுக் கொடுக்கும். ஊர்ஜிதம் செய்ய, பிரீதர் ஹோஸை இன்டேக்கிலிருந்து பிரித்து ஒரு பாட்டிலுக்குள் விட்டு, இன்டேக்கில் அந்த ஓட்டையை மூடி, சுத்தம் செய்த ஹோஸோடு கொஞ்ச தூரம் ஓட்டிப் பாருங்கள். பாட்டிலில் ஆயில் சேர்ந்து, இன்டேக் காய்ந்திருந்தால் செலவு இன்ஜினுக்குத்தான், டர்போவுக்கு இல்லை. சோதனை முடிந்ததும் ஹோஸை மறக்காமல் பழையபடி மாட்டிவிடுங்கள்.

அடைத்த ஏர் ஃபில்டரும் கம்ப்ரசர் பக்கம் ஆயிலை உறிஞ்ச வைக்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் மேல்கோட்டைத் தாண்டியிருந்தாலும் வடிவது சிக்கலாகும். டிபிஎஃப் (புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) உள்ள, பி.எஸ். 6 மாசு விதிப்படி வந்த வண்டிகளில் யாரும் ஊற்றாமலே அளவு ஏறலாம்; ஃபில்டரை எரித்துச் சுத்தம் செய்யப் பீய்ச்சும் டீசலில் கொஞ்சம் ஆயிலோடு கலந்துவிடுகிறது. முகர்ந்தால் டீசல் வாசனை அடிக்கும். இந்த வண்டிகளில் இன்னொரு தொல்லை, டிபிஎஃப் புகையை மறைத்துவிடும். ஆயில் குறைவது டிப்ஸ்டிக்கில்தான் தெரியும். எரிந்த ஆயிலின் சாம்பலோ டிபிஎஃப்-லேயே தங்கும், சூடேற்றினாலும் போகாது.

கோளாறைச் சரிசெய்த பிறகும் புகை உடனே நிற்காது. சைலன்சரில் ஊறிய ஆயில் எரிந்து தீர அரை மணி, ஒரு மணி நேரம் லோடோடு ஓட வேண்டும். அதைப் பார்த்துப் பதறி மறுபடி டர்போவைக் கழற்றாதீர்கள். ஆனால் இன்டர்கூலரில் தேங்கியதை அப்படி விடக் கூடாது. கழற்றி, கவிழ்த்து வடித்து, மண்ணெண்ணெயில் அலசி, ஈரம் துளியும் இல்லாமல் காயவைத்துத்தான் மாட்ட வேண்டும். தேங்கிய ஆயிலை இன்ஜின் ஒரே மூச்சில் இழுத்தால் அதையே டீசலாக எரித்துக்கொண்டு கட்டுக்கடங்காமல் ரேஸ் ஆகும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது. அந்த நேரத்தில் மேல் கியரில் போட்டு, பிரேக்கை முழுசாக மிதித்து, கிளட்ச்சை விட்டு அணைக்க வேண்டும். கீழே நிற்பவர் காற்று வாயைப் பலகையால் அடைக்கலாம். கையோ துணியோ கூடவே கூடாது. புகைச் சான்றுச் சோதனையில் டீசல் வண்டியை முழு ரேஸ் கொடுத்துத்தான் அளக்கிறார்கள். இன்டர்கூலரில் ஆயிலோடு அங்கே போய் நிற்பது ஆபத்து.

புது டர்போ மாட்டும்போது ஆயிலையும் ஆயில் ஃபில்டரையும் சேர்த்தே மாற்றுங்கள். ஃபீடு துளையில் சுத்தமான இன்ஜின் ஆயில் ஊற்றி வீலைக் கையால் சுற்றுங்கள். பிறகு டீசல் போகாமல் துண்டித்து, பத்துப் பதினைந்து விநாடி செல்ஃப் அடித்து, டிரெயினில் ஆயில் வருகிறதா என்று பார்த்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். இரண்டு மூன்று நிமிடம் ஐடில், அதற்குள் ரேஸ் கூடாது.

டர்போ விற்கும் கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். அளவு சரியான கேஸ்கெட்டும், வண்டிக்கேற்ற பாஞ்சோ போல்ட்டும், பொருத்தும் முறையைத் தமிழில் அச்சிட்ட ஒரு தாளும் பெட்டிக்குள் இருக்கட்டும். வண்டிக்காரர்களும் பழைய டர்போவைக் கழற்றும் முன் டிரெயின், ஃபீடு பக்கங்களை செல்போனில் படமெடுத்து, கழற்றிய கேஸ்கெட், போல்ட்டுகளை ஒரு கவரில் போட்டு பில்லோடு வைத்துக்கொள்ளுங்கள். வாரண்டி பேசப் போகும்போது அந்தக் கவர் தேவைப்படும்.

இப்படிக்கு,
டீசல் பட்டறைத் தொழிலாளர்கள்,
நாமக்கல்