ஏப்ரல் 26, ஞாயிறு மதியம் பில்லிங் நான்கு மணி நேரம் நிற்கும்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். வரும் 2026 ஏப்ரல் 26, ஞாயிற்றுக்கிழமை மதியம் 1 மணி முதல் மாலை 5 மணி வரை நம் பில்லிங் மென்பொருள் இயங்காது. அந்த நேரத்தில் பழைய சர்வரிலிருந்து புதிய சர்வருக்கு மாறுகிறோம். மென்பொருள் எழுதப்பட்ட மொழியும், அதைத் தாங்கி நிற்கும் கட்டமைப்பும் கூடவே புதிய பதிப்புக்குப் போகின்றன. இதற்குத் தனிக் கட்டணம் கிடையாது. உங்கள் பில் எண், சரக்கு இருப்பு, பார்ட்டி பாக்கி எதுவும் மாறாது.

அவசரத்தில் இருப்பவர்களுக்கு இவ்வளவு போதும். ஆனால் உங்கள் கடைக் கணக்கு முழுவதும் எங்களிடம் இருக்கிறது. அதில் கை வைக்கும்போது என்ன செய்கிறோம், ஏன் செய்கிறோம் என்று உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். அதனால்தான் கொஞ்சம் நீளமாக எழுதுகிறோம்.

நம் மென்பொருள் பைத்தான் மொழியில், ஜாங்கோ என்ற கட்டமைப்பின் மேல் எழுதப்பட்டது. ஜாங்கோ அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் ஒரு உள்ளூர்ச் செய்தித்தாள் அலுவலகத்தில் உருவாகி, 2005-ல் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிடப்பட்டது. அதைப் பராமரிப்பவர்கள் ஒவ்வொரு பதிப்புக்கும் ஒரு கெடு வைக்கிறார்கள். கெடு முடிந்த பதிப்புக்குப் பாதுகாப்புத் திருத்தம் வராது. இன்று நாம் ஓட்டிக்கொண்டிருப்பது ஜாங்கோ 4.2, அதன் கெடு இந்த ஏப்ரலோடு முடிகிறது. அதற்கு அடியில் இருக்கும் பைத்தான் 3.8-க்கு 2024 அக்டோபரிலேயே முடிந்துவிட்டது. கணக்கைச் சேமிக்கும் போஸ்ட்கிரெஸ் 12-க்கு 2024 நவம்பர், சர்வரை இயக்கும் உபுண்டு 20.04-க்கு 2025 மே.

கெடு முடிந்தால் மறுநாளே நின்றுவிடாது, ஓடும். இனி அதில் ஒரு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அடைத்துத் தர ஆள் இல்லை என்பதுதான் சிக்கல். ஓட்டை எங்கே இருக்கிறது என்பது மட்டும் ஊருக்கெல்லாம் தெரிந்திருக்கும். உண்மையைச் சொன்னால், இந்த வேலையைப் போன வருடமே முடித்திருக்க வேண்டும். குறுவைக்கு உரம் போகிற நேரம், அப்புறம் தீபாவளி, அப்புறம் சம்பா அறுவடை என்று தள்ளிக்கொண்டே வந்தோம். அது எங்கள் தவறு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

மன்னார்குடிப் பக்கம் அரவை மில் வைத்திருக்கும் ஒரு வாடிக்கையாளர், “நல்லா ஓடுற மெஷினை ஏன் தம்பி பிரிக்கிறீங்க?” என்று கேட்டார். அவர் மில்லில் ரப்பர் ரோல் முழுக்கத் தேய்ந்து நெல் உரியாமல் வரும்வரை அவர் காத்திருப்பதில்லை. வரத்து குறைந்த நாளாகப் பார்த்து முன்கூட்டியே மாற்றிவிடுவார். அதைத்தான் அவரிடம் நினைவுபடுத்தினோம். “சரி, அறுவடைக்கு முன்னாடி முடிச்சிருங்க” என்றார்.

நாள் பார்த்ததும் அப்படித்தான். மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-ல் திறந்தால், அதையொட்டி உரக்கடைகளில் நிற்க நேரம் இருக்காது. மார்ச் 31 கணக்கு முடிப்பு, ஏப்ரல் மாதத்து ஜிஎஸ்டி தாக்கல்கள், அட்சய திருதியை எல்லாம் 25-ம் தேதிக்குள் முடிந்துவிடும். அதனால் 26.

நேரம்தான் எங்களை அதிகம் யோசிக்க வைத்தது. சர்வர் வேலை என்றால் நள்ளிரவில் செய்வதுதான் எங்கும் வழக்கம். ஆனால் நம் வாடிக்கையாளர்களில் காய்கறி மண்டிக்காரர்கள் பலர். ஊர் தூங்கும்போதுதான் அவர்களுக்கு லாரி வந்து நிற்கும், பில் ஓடும். காலை பத்து மணிக்கு அவர்கள் கல்லாவைக் கட்டும்போது பாத்திரக்கடையும் உரக்கடையும் திறந்திருக்கும். கடந்த ஒரு வருட பில்களை மணிவாரியாக எடுத்துப் பார்த்தோம். வாரத்திலேயே மிகக் குறைவான பில் விழுவது ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான். மருந்துக்கடைக்காரர்களுக்கு மட்டும் அது சிரமமான நேரம் என்று தெரியும். அவர்களிடம் தனியாகப் பேசிவிட்டோம்.

இனி, சோதனையில் நாங்கள் கண்டது. இதை மறைக்காமல் சொல்ல விரும்புகிறோம்.

மொழியையும் கட்டமைப்பையும் ஒரே மூச்சில் மாற்றினால், ஏதாவது கெட்டுப்போகும்போது எதனால் கெட்டது என்று தெரியாது. ஜாங்கோ 5-க்குக் குறைந்தது பைத்தான் 3.10 வேண்டும். 4.2-ஓ பைத்தான் 3.12 வரை ஏற்றுக்கொள்ளும். ஆகவே சோதனைச் சர்வரில் முதலில் பைத்தானை மட்டும் 3.12-க்கு ஏற்றி, பழைய ஜாங்கோவையே சில வாரம் ஓட்டினோம். பில் அச்சிடும் பழைய லைப்ரரி (துணை நிரல் தொகுப்பு) ஒன்று அங்கேயே மக்கர் செய்தது. அது நம்பியிருந்த டிஸ்ட்யூட்டில்ஸ் என்ற பகுதியை 3.12-ல் எடுத்துவிட்டார்கள். லைப்ரரியை மாற்றிவிட்டோம். அதன் பிறகே ஜாங்கோ 5.2-க்குப் போனோம்.

ஒரு மண்டி வாடிக்கையாளர் அனுமதியோடு அவர் கணக்கின் நகலை வைத்து, அவர் வேலை செய்கிற நேரத்திலேயே நாங்களும் உட்கார்ந்து பில் போட்டுப் பார்த்தோம். அதிகாலை 2:40. கத்தரிக்காய் நாலு மூட்டை, தரகு, ஏற்றுகூலி எல்லாம் சரி. பில் தொகையும் சரி. ஆனால் அன்றைய நாள்புத்தகத்தில் அந்த பில் இல்லை. தேடினால், முந்தின நாள் பக்கத்தில் கடைசி வரியாக உட்கார்ந்திருக்கிறது.

காரணம் இதுதான். நேரத்தை எப்படிச் சேமிப்பது என்று நிரலில் எதுவும் எழுதி வைக்காவிட்டால், ஜாங்கோ 4.2 வரை நாம் அமைப்பில் குறித்த ஊர் நேரத்தையே எடுத்துக்கொள்ளும். 5.0-லிருந்து அது யுடிசி எனப்படும் உலகப் பொது நேரத்துக்கு மாறிவிட்டது. இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். அதாவது நமக்கு அதிகாலை 2:40 என்றால் அதற்கு முந்தின நாள் இரவு 9:10. காலை ஒன்பது மணிக்குக் கடை திறப்பவருக்கு இந்தக் கோளாறு கண்ணில் படவே படாது. நள்ளிரவிலிருந்து காலை ஐந்தரைக்குள் போடும் பில் மட்டும்தான் நாள் மாறி விழும். அப்படி விழுந்தால் மார்ச் 31-க்கும் ஏப்ரல் 1-க்கும் நடுவில் வருடக் கணக்கே மாறிப்போகும். நம் வாடிக்கையாளர் எல்லோரும் ஒரே நேரத்தைப் பார்ப்பவர்கள்தான் என்பதால், ஊர் நேரத்தையே வைத்துக்கொள் என்று அமைப்பில் ஒரு வரியில் எழுதிவிட்டோம். அதோடு விடவில்லை. நிரலில் தேதி கணக்கிடும் ஒவ்வொரு இடத்தையும் இருவர் தனித்தனியே படித்துப் பார்த்தோம்.

இன்னொன்று உரக்கடைக்காரர்கள் கவனிக்க வேண்டியது. நாம் 12/06/2025 என்று தட்டினால் அது ஜூன் 12. அமெரிக்க வழக்கில் முதலில் மாதம் வரும், ஆகவே அவர்களுக்கு அது டிசம்பர் 6. நம் வழக்கைக் காப்பாற்றிக்கொண்டிருந்த பழைய அமைப்பு ஒன்று ஜாங்கோ 5.0-ல் நீக்கப்பட்டுவிட்டது. சோதனைச் சர்வரில் ஒரு விவசாயியின் கடன் சிட்டையில் 12/06 என்று போட்டதும், ஒரு எச்சரிக்கையும் இல்லாமல் டிசம்பரில் போய் விழுந்தது. 13/06 போட்டால் பிழை என்று நிறுத்திவிடுகிறது, பதின்மூன்றாவது மாதம் இல்லை அல்லவா. 12-ம் தேதி வரைதான் சத்தமில்லாமல் தப்பாகப் பதிவாகிறது. வட்டி நாள் கணக்கும் கெடு தேதியும் அதை வைத்துத்தான் ஓடுகின்றன என்பதால் எங்களுக்குக் கொஞ்சம் நடுக்கமாகவே இருந்தது. இப்போது நம் தேதி வடிவத்தை நாங்களே தனியாக எழுதி வைத்துவிட்டோம். அதே காரணத்தால் 12,34,567 என்று வரவேண்டிய தொகை 1,234,567 என்று வந்ததையும் சேர்த்தே சரிசெய்தோம்.

நீங்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். சனிக்கிழமை இரவு அல்லது ஞாயிறு மதியத்துக்குள் உங்கள் இருப்புச் சோதனைப் பட்டியலையும் (டிரையல் பேலன்ஸ்) ரொக்க இருப்பையும் ஒரு தாளில் அச்செடுத்து வையுங்கள். திங்களன்று புதிய சர்வரில் அதையே எடுத்து ஒப்பிடுங்கள். எங்கள் பக்கம் ஒவ்வொரு கடைக்கும் பில் எண்ணிக்கை, மொத்தத் தொகை, பார்ட்டி வாரியான பாக்கி ஆகியவற்றை இரண்டு பக்கமும் ஓட்டிப் பார்ப்போம். ஆனாலும் உங்கள் கணக்குப்பிள்ளையின் கண்ணுக்குத் தெரிவது எங்களுக்குத் தெரியாது.

அந்த நான்கு மணி நேரத்தில் வியாபாரம் நடந்தால் கை பில் புத்தகத்தில் எழுதுங்கள். அதற்குத் தனி வரிசை எண் வைத்துக்கொள்ளலாம். ஜிஎஸ்டி விதி ஒன்றுக்கு மேற்பட்ட வரிசையை அனுமதிக்கிறது. ஒவ்வொரு வரிசையும் விட்டுப்போகாமல் தொடர்ந்து வந்தால் போதும். இ-வே பில் தேவைப்பட்டால் அரசுத் தளத்திலேயே நேரடியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

மாலை நாலரை மணிக்குள் கணக்கு ஒரு ரூபாய் உதைத்தாலும் பழைய சர்வரையே திரும்பத் திறந்துவிடுவோம், வேலை வேறொரு ஞாயிற்றுக்குத் தள்ளிப்போகும். நாலரை என்று ஏன் கறாராக வைக்கிறோம் என்றால், புதியதில் நீங்கள் பில் போட ஆரம்பித்த பிறகு பழையதற்குத் திரும்பினால் அந்தப் பில்கள் அங்கே இருக்காது.

ஐந்து மணிக்குப் பிறகு எல்லோரும் மறுபடி உள்நுழைய வேண்டியிருக்கும். பாஸ்வேர்டு பழையதே. உங்கள் பாஸ்வேர்டை நாங்கள் அப்படியே சேமிப்பதில்லை. அதைப் பல லட்சம் முறை அரைத்து வந்த சக்கையைத்தான் வைத்திருக்கிறோம். ஜாங்கோ 4.2-ல் 6 லட்சம் முறை, 5.2-ல் 10 லட்சம் முறை. முதல் தடவை நுழையும்போது அது தானாகவே புதிய எண்ணிக்கைக்கு மாறிவிடும், நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம். ஆகவே ‘சர்வர் மாற்றுகிறோம், பாஸ்வேர்டு சொல்லுங்கள், ஓடிபி சொல்லுங்கள்’ என்று யார் கூப்பிட்டாலும் அது நாங்கள் இல்லை. போனை வைத்துவிட்டு எங்கள் வழக்கமான எண்ணுக்கு அழையுங்கள்.

‘வெளியேறு’ என்பது இனி இணைப்பாக இல்லாமல் பொத்தானாக இருக்கும். அந்த முகவரியை புக்மார்க் செய்து வைத்திருப்பவர்களுக்கு அது வேலை செய்யாது. முன்பே அச்சடித்த தாளில் பில் எடுப்பவர்கள் திங்களன்று முதலில் ஒரு வெற்றுத்தாளில் எடுத்து, ஓரம் பொருந்துகிறதா என்று பாருங்கள்.

ஜாங்கோ 5.2-க்கு 2028 ஏப்ரல் வரையும், பைத்தான் 3.12-க்கு 2028 அக்டோபர் வரையும் திருத்தங்கள் வரும். அடுத்த மாற்றத்தைக் கெடு முடிவதற்கு முன்பே செய்துவிடுவோம். இந்த முறை போலத் தள்ளிப்போட மாட்டோம்.

மண்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ஞாயிறு நள்ளிரவு தாண்டி, அதாவது திங்கள் அதிகாலை 1 மணியிலிருந்து எங்கள் ஆள் ஒருவர் தாராசுரம் காய்கறி மார்க்கெட்டில் இருப்பார், இன்னொருவர் அலுவலகத்தில் போனருகே இருப்பார். முதல் பில் போட்டதும் நாள்புத்தகத்தைத் திறந்து பாருங்கள். தேதி 27 என்று இருக்க வேண்டும். 26 என்று இருந்தால் இரண்டாவது பில் போடாமல் உடனே கூப்பிடுங்கள்.

அன்புடன்,
கும்பகோணம் அலுவலகத்திலிருந்து