நீலப் புள்ளி யாரு கைல?

ஆசிரியர் ஐயாவுக்கு, வழி காட்டறதுக்கு நம்ம நாடே விட்டிருக்கிற நாவிக் சாட்டிலைட் பத்தி நேத்து வந்த தலையங்கம் படிச்சேன், சரியாத்தான் எழுதியிருக்கீங்க, ஆனா ஒண்ணு விட்டுப்போச்சு. போன்ல நாம நிக்கிற எடத்தக் காட்டுற ஜிபிஎஸ் ஓசில கிடைக்குதுன்னு நெனைக்கிறோம், அது அமெரிக்க ராணுவத்தோடது, 2000 மே மாசம் வரைக்கும் பொதுமக்களுக்கு வேணும்னே துல்லியத்த குறைச்சுத்தான் கொடுத்தாங்க, நாளைக்கு அங்க இருக்கறவருக்கு மூடு மாறினா நாம என்ன பண்றது?

நான் சேலம்-ஏற்காடு வாடகை கார் ஓட்டுறவன். 20 கொண்டை ஊசி வளைவுல பல இடத்துல டவர் நிக்காது, மேப் பாதி வெள்ளையா கெடக்கும், ஆனா நம்ம வண்டி நிக்கிற எடத்தக் காட்டுற நீலப் புள்ளி மட்டும் வளைஞ்சு வளைஞ்சு நகரும் (எப்படி சார்னு சவாரிக்கு வர்றவங்க கேப்பாங்க, அது டவர் இல்லீங்க, மேல சாட்டிலைட்டுல இருந்து நேரா வர்றதுன்னு சொல்லுவேன்). பனி எறங்குனா அதத்தான் ஒரு கண்ணால பாத்துக்குவேன். 2023ல விட்ட என்விஎஸ்-01ங்கிற நாவிக் சாட்டிலைட்டுல, எடத்த துல்லியமா கணக்குப் போட வேண்டிய அணுக்கடிகாரமே நம்மாளுங்க செஞ்சது இருக்கு, இருந்தும் போன் வாங்கப்போயி நாவிக் உண்டான்னு கேட்டா கடைப் பையன் முழிக்கிறான். விலைய அச்சடிக்கிற மாதிரி நாவிக் உண்டா இல்லையாங்கறதையும் போன் டப்பா மேல தமிழ்லயே போடச் சொல்லி அரசு உத்தரவு போடட்டும்.

- கார் டிரைவர், கோரிமேடு, சேலம்