பழைய பொம்மை ரயிலின் சக்கரத்தைக் கடைய வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் பழைய பொம்மை ரயில்களை மறுபடி ஓட்டுவது பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். பரணில் கிடக்கும் ரயில்களைக் கண்ணாடிப் பெட்டியில் பூட்டாமல் ஓட்டிப் பாருங்கள் என்று எழுதியதற்கு முதலில் நன்றி. ஆனால், "தண்டவாளத்தின் அகலம் ஒன்றாக இருந்தால் போதும், தடம் புரண்டால் சக்கரத்தைச் சற்றுத் தேய்த்துவிடலாம்" என்று போகிற போக்கில் ஓர் ஆலோசனை வந்திருக்கிறது. லேத்தில் காலம் கழித்தவன் நான். ஓய்வுக்குப் பிறகு நண்பர்களின் பழைய ரயில்களைப் பழுதுபார்ப்பதே எனக்குப் பொழுதுபோக்கு. அந்த வரியைப் படித்ததும் சும்மா இருக்க முடியவில்லை.

1938இல் வந்த ஹார்ன்பி டப்ளோவுக்கும், 1950களின் டிரை-ஆங்குக்கும் (இரண்டும் பிரிட்டிஷ் பொம்மை ரயில்கள்), இன்று கடையில் வாங்கும் ஓஓ என்ற அளவு ரயிலுக்கும் தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீட்டர்தான். இதை யாரும் மறுக்கவில்லை. வேறுபாடு இருப்பது சக்கர விளிம்பில், அதாவது தண்டவாளத்தின் உட்புறமாக இறங்கி நின்று ரயிலைத் தடத்தில் வைத்திருக்கும் வளையத்தில். அந்தக் கால டிரை-ஆங் சக்கரத்தைக் கையில் எடுத்தால் விளிம்பு ஆழமாகவும் தடித்தும் இருப்பது விரலுக்கே தெரியும். சிறுவர்கள் தரையில் அவசரமாகக் கோத்த தண்டவாளத்திலும் ரயில் கவிழக் கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்தார்கள். இன்று 'கோடு 100' எனப்படும் தண்டவாளத்தின் உயரம் 2.54 மில்லிமீட்டர். 'கோடு 75' அதைவிடத் தாழ்வு, 1.9 மில்லிமீட்டர்தான். இந்தத் தாழ்வான தண்டவாளத்தில் பழைய இன்ஜினை ஓட்டினால், தண்டவாளத்தைக் கட்டையோடு பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கொக்கிகளின் தலையில் விளிம்பு இடிக்கும். தையல் இயந்திரம் ஓடுவதுபோல ஒரே சீராகத் தடதடவென்று சத்தம் வரும். காதுள்ளவருக்கு அதுவே போதுமான எச்சரிக்கை.

நேர்ப்பாதையில் இந்தச் சத்தத்தோடாவது ஓடிவிடும். உண்மையான தகராறு பாயிண்டில்தான், அதாவது ஒரு பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில்தான். இரண்டு தண்டவாளங்கள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் விளிம்பு நுழைந்து செல்ல ஒரு சந்து விட்டிருப்பார்கள். எதிர்ப்பக்கத்தில், மறுசக்கரத்தை உள்ளிருந்து பிடித்து வழிகாட்ட ஒரு சிறு துண்டுத் தண்டவாளம் இருக்கும். புதிய ஓஓ சக்கர ஜோடியில் இரண்டு சக்கரங்களின் உள்முகங்களுக்கு இடையே ஏறத்தாழ 14.5 மில்லிமீட்டர் இருக்கும். சந்தும் துண்டும் அந்தக் கணக்குக்கு வைத்தவை. பழைய ஜோடியில் இந்த இடைவெளி குறைவு. எனவே தடித்த விளிம்பு அந்தத் துண்டுக்குப் பின்னால் நுழைய முடியாமல் அதன் மேலேயே ஏறுகிறது. முன்சக்கரம் தூக்கிக்கொள்ளும், ஒரு பொறி பறக்கும், அடுத்த நொடி இன்ஜின் பக்கவாட்டில் சாய்ந்திருக்கும். இதைப் பார்ப்பவர்கள் மோட்டாரைத்தான் முதலில் சந்தேகிக்கிறார்கள். வெர்னியர் அளவுகோலை எடுத்துச் சக்கர இடைவெளியை அளந்தால் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

இதற்குத் தீர்வு சக்கரத்தைக் கடைவது என்றால், அது செருப்புக்காகக் காலை வெட்டுகிற கதை. கடைந்த உலோகம் திரும்பி வராது. இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய துத்தநாக வார்ப்புகளில் இன்னோர் ஆபத்தும் உண்டு. வார்க்கும்போது ஈயம் போன்ற மாசு கலந்துவிட்டால், ஆண்டுகள் செல்லச் செல்ல உலோகம் உள்ளுக்குள்ளேயே விரிசல் விட்டு உப்பும். வெளியே வண்ணம் பளபளவென்று இருக்கும். லேத்தின் பிடியான சக்கில் வைத்து இறுக்கினால் பிஸ்கட்டாக நொறுங்கும். பெட்டிகளுக்கு வேண்டுமானால் புதிய சக்கர ஜோடிகளை மாட்டுங்கள். கழற்றியதை ஓர் உறையில் போட்டு எழுதி வையுங்கள், மறுபடி மாட்டிக்கொள்ளலாம். இன்ஜினைத் தொடாதீர்கள். அதற்கென்று கோடு 100 தண்டவாளத்தில் பாயிண்ட் இல்லாத ஒரு வட்டம் போடுங்கள். பாயிண்ட் இருந்தே ஆக வேண்டும் என்றால், டிரை-ஆங்கின் 'சூப்பர் 4' போன்ற அந்தக் காலத் தண்டவாளத்தைத் தேடி வாங்குங்கள். துரு ஏறியிருந்தாலும் துடைத்தால் ஓடும்.

மூன்று தண்டவாள டப்ளோவைப் பற்றிக் கட்டுரை ஒன்றுமே சொல்லவில்லை. அதில் நடுத் தண்டவாளம் மின்சாரத்தின் ஒரு முனை. வெளித் தண்டவாளங்கள் இரண்டும் சேர்ந்து மறுமுனை. ஆகவே சக்கரமும் அச்சும் முழு உலோகம், நடுவில் மின்காப்பு கிடையாது. இன்றைய இரண்டு தண்டவாளப் பாதையில் வைத்த கணமே ஷார்ட் சர்க்யூட். 1959இல் அந்த நிறுவனமே இரண்டு தண்டவாளத்துக்கு மாறியது. அதற்கு முந்தைய இன்ஜின் வைத்திருப்பவர்கள் பழைய மூன்று தண்டவாளத்தையே போட்டுக்கொள்வது நல்லது.

அமெரிக்காவின் லயனல் ரயில் வைத்திருப்பவர்களுக்கு இவ்வளவு தொல்லை இல்லை. ஒன்றேகால் அங்குல இடைவெளியும் நடுத் தண்டவாளமும் இன்றும் இருக்கின்றன. ஒரு சிறு சங்கதி மட்டும் உண்டு: 1950இலிருந்து அவர்களின் பல இன்ஜின்களில் சக்கரத்தோடு காந்தம் சேர்த்தார்கள், இரும்புத் தண்டவாளத்தைக் கவ்விப் பிடித்து ஏற்றத்தில் இழுப்பதற்காக. நிக்கல் சில்வர் என்ற கலப்பு உலோகத் தண்டவாளத்தைக் காந்தம் ஈர்க்காது. அதில் ஓட்டிவிட்டு, இழுவை போய்விட்டதே, மோட்டார் பழுதோ என்று இன்ஜினைக் கழற்ற வேண்டாம்.

இனி மின்சாரம். இதற்காகத்தான் இந்தக் கடிதத்தையே எழுத உட்கார்ந்தேன். ரயிலோடு வந்த பழைய டிரான்ஸ்பார்மரையே செருகி ஓட்டினால்தான் "அசல் அனுபவம்" என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். அந்தக் கம்பிகளின் ரப்பர் உறையும் துணி உறையும் காய்ந்து, வளைத்தால் உதிரும் நிலையில் இருக்கும். உள்ளே வீட்டு மின்சாரம் முழுதாக நுழைகிறது. ஓட்டப்போவது பெரும்பாலும் குழந்தைகள். ரயிலுக்கு மின்சாரம் கொடுத்து வேகத்தை மாற்றும் கன்ட்ரோலரைப் புதிதாக வாங்குங்கள். பழைய மோட்டார் புதியதைவிட அதிக ஆம்பியர் இழுக்கும், அதைத் தாங்குகிறதா என்று பார்த்து வாங்குங்கள். 12 வோல்ட் நேர்மின்சாரத்துக்குச் செய்த மோட்டாருக்கு மாறுமின்சாரம் கொடுத்தால் அது ஓடாமல் உறுமிச் சூடேறும். டிஜிட்டல் கட்டுப்பாடு உள்ள தண்டவாளத்தில் பழைய இன்ஜினை அப்படியே நிறுத்தி வைத்தாலும் இதே கதிதான்.

சக்கர விளிம்பைப் பற்றி நான் சொன்னதை இடமில்லை என்று வெட்டினாலும் வருத்தமில்லை. டிரான்ஸ்பார்மர் பற்றிய அந்த வரிக்கு மட்டும் அடுத்த ஞாயிறு இணைப்பிலேயே திருத்தம் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லேத் தொழிலாளி ஒருவர்