அஹதிய்யா வகுப்பில் ஒரு சோக்குப் படகு

ஆசிரியர் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

புத்தளத்தில் ஓர் அஹதிய்யாவில், அதாவது முஸ்லிம் பிள்ளைகளின் ஞாயிறு மார்க்கப் பாடசாலையில், படிப்பிக்கிறேன். போன மாதம் ஒரு பையன் இன்னொருவனை “போடா அகதி” என்று ஏசினான். எனக்கு நெஞ்சில் குத்தியது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து புலிகள் விரட்டிய சுமார் 75,000 முஸ்லிம்களில் பெரும்பாலானோர் இந்த மாவட்டத்துக்குத்தான் வந்தார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். என் உம்மாவும் அப்படி வந்து, கிடுகுக் கொட்டிலில் எங்களை வளர்த்தவர்தான்.

ஏசிய பையனை நான் அதட்டவில்லை. அடுத்த ஞாயிறு பிள்ளைகளை ஐந்தைந்து பேராகப் பிரித்து, குழுவுக்கு ஒரு சொப்பிங் பேக்கும் பத்துக் கடதாசித் துண்டும் கொடுத்தேன். “வீட்டை விட்டுப் போகிறீர்கள். கொண்டுபோகும் சாமான் ஒவ்வொன்றையும் ஒரு துண்டில் எழுதிப் பைக்குள் போடுங்கள். பத்துக்கு மேல் முடியாது.” போன் சார்ஜரா, உம்மம்மாவின் சீனி வருத்த மருந்தா என்று ஒரே சண்டை. அப்புறம் ஒரு சிறுமி, “டீச்சர், பூனையை எப்படிக் கொண்டுபோறது?” என்றாள். வகுப்பே அமைதியாகிவிட்டது.

பிறகு தரையில் சோக்கால் படகு ஒன்று கீறி, எல்லோரையும் அதற்குள் நெருக்கி உட்கார வைத்தேன். 2024 டிசம்பரில் மியன்மாரின் ரோஹிங்யா முஸ்லிம்கள் நூற்றுக்கும் மேற்பட்டோரோடு முல்லைத்தீவுக் கரைக்கு வந்த படகைப் பற்றி நான் சொன்னதை அப்படியே இருந்தபடி கேட்டார்கள். அவர்களுக்குச் சாப்பாடு கொடுத்தவர்கள், 2009 போரில் எல்லாவற்றையும் இழந்த அந்த ஊர்த் தமிழ் மக்கள் என்பதையும் சொன்னேன்.

நபியவர்களும் தோழர்களும் மக்காவை விட்டு மதீனாவுக்குப் போன ஹிஜ்ரத்தை நாங்கள் ஆண்டும் ஊர்ப் பெயருமாகப் பாடமாக்க வைக்கிறோம். மக்காவிலிருந்து வெறுங்கையோடு வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃபுக்கு, மதீனாவின் ஸஃது இப்னு ரபீஃ தன் சொத்தில் பாதியைத் தர முன்வந்ததை அந்தப் படகுக்குள் இருந்து கேட்டபோதுதான் பிள்ளைகளுக்கு அது பெரிய விஷயமாகப் பட்டது.

செலவு ஒரு பெட்டி சோக்கும் பழைய பேப்பரும்தான். அகதிகளுக்காக உண்டியல் குலுக்குவது நல்லதுதான். ஆனால் காசைப் போட்டுவிட்டுப் பிள்ளை மறந்துவிடும். மற்ற அஹதிய்யா ஆசிரியர்களும் இதைச் செய்து பார்க்க வேண்டும்.

ஒன்று, பெற்றோரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். எங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை அழுதுவிட்டது, அதை நான் எதிர்பார்க்கவில்லை. வரும் ஞாயிறு, மன்னாரிலிருந்து வந்த ஒரு மூத்தம்மாவைப் பேச அழைத்திருக்கிறோம். கேட்க வேண்டிய கேள்விகளைப் பிள்ளைகளே எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
அஹதிய்யா ஆசிரியை ஒருவர்,
புத்தளம்.